ஒரு தளபதி, மூன்று நகரங்கள்

ஒருவர் ஒரே பணியில் எத்தனை ஆண்டுகள் நீடிக்க முடியும்? முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெறுபவருக்கே நாம் பாராட்டு விழா எடுக்கிறோம். ஆஸ்திரியாவின் படையில் ஜோசப் ராடெட்ஸ்கி என்பவர் எழுபது ஆண்டுகளுக்கும் மேலாகப் பணியாற்றினார். அந்தக் காலத்தில் ஐந்து பேரரசர்களின் கீழ் அவர் அடுத்தடுத்துப் பணிபுரிந்தார். அவருடைய பெயரை வரலாற்றில் நிலைநிறுத்திய போர் தொடங்கியபோது அவருக்கு வயது 81. அவர் பணியிலிருந்து விலகியபோது வயது 90.

படைத்துறையில் வழங்கப்படும் மிக உயர்ந்த பதவி ஃபீல்டு மார்ஷல் ஆகும். அப்பதவியை அடைந்த பலரின் பெயர்களை இன்று யாரும் நினைப்பதில்லை. ராடெட்ஸ்கியின் பெயரோ இன்றும் வாழ்கிறது. ஆயினும், அப்பெயர் எல்லா ஊர்களிலும் ஒரே உணர்வை எழுப்புவதில்லை. ஓர் ஊரில் அவர் மாவீரர். இன்னோர் ஊரில் அவர் கொடிய ஆட்சியின் அடையாளம். இந்த வேறுபாடு ஏன் ஏற்பட்டது என்பதை அறிய, அவருடைய வாழ்க்கையை முதலிலிருந்து பார்ப்போம்.

இளமையும் முதல் போர்களும்

ராடெட்ஸ்கி 1766ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 2ஆம் நாள் பொஹீமியாவில் பிறந்தார். இன்றைய செக் குடியரசின் ஒரு பகுதியான பொஹீமியாவை அப்போது ஆஸ்திரியாவின் ஹாப்ஸ்பர்க் மரபினர் ஆண்டு வந்தனர். அவருடைய குடும்பம் செக் இனத்தைச் சேர்ந்த பழம்பெரும் பிரபுக் குடும்பம். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்த அவரைப் பாட்டனார் வளர்த்தார். பதினெட்டு வயதை ஒட்டிய பருவத்தில் அவர் குதிரைப்படையில் பயிற்சி வீரராகச் சேர்ந்தார். அவரைச் சோதித்த மருத்துவர், இந்த மெலிந்த உடல் படைவாழ்க்கையைச் சில ஆண்டுகள்கூடத் தாங்காது என்று கூறியதாக ஒரு செய்தி உண்டு. அந்தக் கணிப்பு எவ்வளவு தவறானது என்பதை அடுத்த எழுபது ஆண்டுகள் காட்டின.

துருக்கியருக்கு எதிரான போரில் அவர் முதன்முதலாகக் களம் கண்டார். பிறகு, பிரெஞ்சுப் புரட்சியைத் தொடர்ந்து ஐரோப்பா முழுவதும் போர் மூண்டது. 1794ஆம் ஆண்டு ஃபிளூருஸ் என்ற இடத்தில் போர் நடந்தபோது, அருகிலிருந்த ஷார்லெரோய் கோட்டை இன்னும் தம் படையிடம் இருக்கிறதா, எதிரியிடம் வீழ்ந்துவிட்டதா என்பது ஆஸ்திரியத் தளபதிகளுக்குத் தெரியவில்லை. ராடெட்ஸ்கி ஒரு சிறு குதிரைப்படைக் குழுவுடன் பிரெஞ்சுப் படையின் வரிசைகளை ஊடுருவிச் சென்று உண்மையை அறிந்து வந்தார். கோட்டை ஏற்கெனவே சரணடைந்திருந்தது. நல்ல செய்தியோ கெட்ட செய்தியோ, உண்மை நிலையை அறியாமல் முடிவெடுக்கக்கூடாது என்ற பாடம் அவருடைய பிற்காலச் செயல்களிலும் தெரிகிறது.

1800ஆம் ஆண்டு இத்தாலியின் மரெங்கோ களத்தில் நெப்போலியனின் படையை ஆஸ்திரியர்கள் எதிர்த்தனர். போருக்கு முந்தைய மாலையில், வகுக்கப்பட்ட திட்டத்தில் மாற்றம் செய்யவேண்டும் என்று ராடெட்ஸ்கி வலியுறுத்தினார். அவருடைய சொல் ஏற்கப்படவில்லை. மறுநாள் ஆஸ்திரியா தோற்றது. ராடெட்ஸ்கியின் மீது ஐந்து குண்டுகள் பாய்ந்தன. எனினும் அவர் உயிர் பிழைத்தார்.

திட்டம் வகுத்தவர்

நெப்போலியனிடம் ஆஸ்திரியா பல முறை தோற்றது. 1809ஆம் ஆண்டு வாக்ராமில் ஏற்பட்ட தோல்விக்குப் பின்னர், படைத் தலைமையகத்தின் பொறுப்பு ராடெட்ஸ்கியிடம் வந்தது. படையைச் சீரமைக்க அவர் முயன்றார். ஆனால், அதற்குரிய பணத்தைத் தர நிதித்துறை மறுத்தது. 1812ஆம் ஆண்டு அவர் அந்தப் பொறுப்பிலிருந்து விலகினார்.

மறு ஆண்டே சூழல் மாறியது. ரஷ்யாவில் பேரிழப்பைச் சந்தித்துத் திரும்பிய நெப்போலியனை எதிர்த்து ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா, சுவீடன் ஆகிய நாடுகள் ஒன்றுசேர்ந்தன. கூட்டுப் படைக்கு ஆஸ்திரியாவின் இளவரசர் ஸ்வார்சன்பெர்க் தலைமை தாங்கினார். அவருடைய தலைமைப் பணியாளராக ராடெட்ஸ்கி அமர்த்தப்பட்டார். அப்போது வகுக்கப்பட்ட திட்டத்தில் அவருக்கு முக்கியப் பங்கு இருந்தது. அத்திட்டம் எளிமையானது. நெப்போலியனே நேரில் வந்தால் பின்வாங்க வேண்டும். அவருடைய தளபதிகள் தனியே இருக்கும்போது தாக்க வேண்டும். அவருடைய வலிமை தேய்ந்த பிறகு எல்லாப் படைகளும் ஒன்றாகச் சூழ வேண்டும்.

டிரெஸ்டன் நகரில் இந்தத் திட்டத்தை மீறி நெப்போலியனையே எதிர்த்து நின்றபோது கூட்டுப் படை தோற்றது. மற்ற இடங்களில் அவருடைய தளபதிகள் ஒருவர்பின் ஒருவராகத் தோற்றனர். இறுதியில், 1813ஆம் ஆண்டு அக்டோபர் 16 முதல் 19 வரை லைப்சிக் நகரைச் சுற்றிப் பெரும்போர் நடந்தது. இரு பக்கமும் சேர்த்து ஏறத்தாழ ஐந்து லட்சம் வீரர்கள் அதில் பங்கேற்றனர். நெப்போலியன் தோற்றுப் பின்வாங்கினார். போர்க்களத்தில் வாள் சுழற்றுபவரை மக்கள் எளிதில் அடையாளம் காண்பர். வரைபடத்தின் முன் அமர்ந்து சிந்திப்பவரை அறிபவர் சிலரே. லைப்சிக் வெற்றியின் புகழ் பெரும்பாலும் ஸ்வார்சன்பெர்க்கைச் சென்றடைந்தது.

ஓரங்கட்டப்பட்ட காலம்

அமைதி திரும்பியதும் ராடெட்ஸ்கி மீண்டும் படைச் சீர்திருத்தத்தைப் பற்றிப் பேசினார். அது அவருக்குப் பகைவர்களைத் தேடித் தந்தது. குடும்பச் செலவும் கடனும் வேறு அவரை வாட்டின. அவருக்கு ஐந்து மகன்கள், மூன்று மகள்கள். அவர்களுள் இருவரைத் தவிர ஏனைய அனைவரும் தந்தைக்கு முன்பே இறந்தனர். 1829ஆம் ஆண்டில் அவருக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்ற பேச்சு எழுந்தது. பேரரசர் அவரை முற்றிலும் விலக்காமல் ஓல்முட்ஸ் கோட்டையின் பொறுப்பாளராக அனுப்பினார். அறுபது வயதைக் கடந்த ஒருவருக்கு இது பணிவாழ்வின் முடிவாகவே தோன்றியிருக்கும்.

ஆனால், 1831ஆம் ஆண்டு இத்தாலியில் கிளர்ச்சிகள் எழுந்ததால் அவர் அங்கு அழைக்கப்பட்டார். 1834இல் வட இத்தாலியிலிருந்த ஆஸ்திரியப் படை முழுவதற்கும் தலைவரானார். 1836இல் ஃபீல்டு மார்ஷல் பதவியைப் பெற்றார். அப்போது அவர் எழுபதை நெருங்கியிருந்தார்.

அந்தப் படையில் ஜெர்மானியர், செக் இனத்தவர், ஹங்கேரியர், குரோவாசியர், இத்தாலியர் எனப் பலரும் இருந்தனர். வீரர்களின் உணவு, பயிற்சி, தங்குமிடம் ஆகியவற்றில் ராடெட்ஸ்கி நேரடி அக்கறை காட்டினார். ஆண்டுதோறும் அவர் நடத்திய பெரிய போர்ப் பயிற்சிகளைக் காணப் பிற நாட்டு அதிகாரிகளும் வந்தனர். வீரர்கள் அவரைத் 'தந்தை ராடெட்ஸ்கி' என்று அன்போடு அழைத்தனர்.

1848: மிலான் நகரின் ஐந்து நாள்கள்

இனி, இதே காலத்தை மிலான் மக்களின் பக்கமிருந்து பார்ப்போம். அன்று இத்தாலி ஒரே நாடாக இல்லை. பல சிறு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. மிலானைத் தலைநகராகக் கொண்ட லொம்பார்டியையும் வெனிஸ் நகரைச் சார்ந்த வெனீசியாவையும் ஆஸ்திரியா ஆண்டது. தம் மண்ணில் தம்மை ஆள வேறொரு நாட்டவர் எதற்கு என்ற கேள்வி படித்தவரிடையேயும் தொழிலாளரிடையேயும் வலுத்து வந்தது.

1848ஆம் ஆண்டு தொடக்கத்தில் மிலான் மக்கள் புதுமையான ஓர் எதிர்ப்பில் இறங்கினர். புகையிலை விற்பனை அரசின் ஏகபோக உரிமையாக இருந்தது. அதன் வருமானம் ஆஸ்திரிய அரசுக்குச் சென்றது. ஆகவே, மக்கள் புகைபிடிப்பதை நிறுத்தினர். அரசு நடத்திய பரிசுச் சீட்டுகளையும் புறக்கணித்தனர். ஆஸ்திரிய வீரர்கள் வேண்டுமென்றே தெருவில் புகைபிடித்துக்கொண்டு நடந்தனர். கைகலப்பு மூண்டது. பொதுமக்களில் சிலர் உயிரிழந்தனர்.

மார்ச் மாதத்தில் வியன்னாவிலேயே புரட்சி வெடித்தது. பேரரசின் செல்வாக்கு மிக்க அமைச்சர் மெட்டர்னிக் பதவி விலகினார். அச்செய்தி எட்டியதும் மார்ச் 18ஆம் நாள் மிலான் கிளர்ந்தெழுந்தது. மக்கள் வீட்டு மேசைகளையும் நாற்காலிகளையும் வண்டிகளையும் தெருக்களின் குறுக்கே அடுக்கித் தடுப்புகள் அமைத்தனர். கூரைகளிலிருந்து ஓடுகளையும் கற்களையும் வீசினர். நகருக்கு வெளியே இருந்தவர்களுக்குச் சிறு பலூன்களில் செய்திகளை அனுப்பினர். ஐந்து நாள் போராட்டத்தில் நூற்றுக்கணக்கான நகர மக்கள் இறந்தனர். பத்தாயிரத்திற்கும் மேற்பட்ட வீரர்களை வைத்திருந்தும் ராடெட்ஸ்கியால் நகரைத் தக்கவைத்துக்கொள்ள முடியவில்லை. மார்ச் 22ஆம் நாள் இரவு அவர் படையுடன் வெளியேறினார்.

மறுநாளே சார்டினிய மன்னர் சார்லஸ் ஆல்பர்ட் ஆஸ்திரியாமீது போர் தொடுத்தார். தலைநகரிலும் கலகம், வெளியிலும் போர். லொம்பார்டியை விட்டுக்கொடுத்துச் சமாதானம் செய்துகொள்ளலாம் என்று வியன்னா அரசு எண்ணத் தொடங்கியது. ராடெட்ஸ்கி அதற்கு இணங்கவில்லை. பெஸ்கியேரா, மாந்துவா, வெரோனா, லெஞ்ஞாகோ என்னும் நான்கு கோட்டைகள் அமைந்த நாற்கரப் பகுதிக்குள் அவர் படையை நிறுத்தினார். பெஸ்கியேரா கோட்டை எதிரியிடம் வீழ்ந்தது. எனினும் அவர் பதறவில்லை. புதிய படைகள் வந்து சேரும்வரை பொறுத்திருந்தார். ஜூலை இறுதியில் குஸ்தோசாவில் சார்டினியப் படையை முறியடித்தார். ஆகஸ்ட் 6ஆம் நாள் மீண்டும் மிலானுக்குள் நுழைந்தார்.

அடுத்த ஆண்டு சார்லஸ் ஆல்பர்ட் மறுபடியும் போரைத் தொடங்கினார். சில நாள்களிலேயே, 1849ஆம் ஆண்டு மார்ச் 23ஆம் நாள், நொவாராவில் அவர் தோற்றார். அன்றிரவே முடிதுறந்தார். அவருடைய மகன் இரண்டாம் விக்டர் இம்மானுவேல் மன்னரானார். வெனிஸ் நகர மக்கள் மட்டும் பசியையும் காலரா நோயையும் தாங்கிக்கொண்டு ஆகஸ்ட் மாதம்வரை எதிர்த்து நின்று, பின்னர்ப் பணிந்தனர்.

வென்றவரின் ஆட்சி

போரில் வெல்வது ஒன்று, வென்ற மக்களை ஆள்வது வேறொன்று. ராடெட்ஸ்கி லொம்பார்டி வெனீசியாவின் ஆளுநராக 1857வரை இருந்தார். முதல் சில ஆண்டுகள் இராணுவச் சட்டமே அங்கு நடைமுறையில் இருந்தது. கிளர்ச்சிக்கு உதவிய செல்வர்கள்மீது பெருந்தொகை தண்டமாக விதிக்கப்பட்டது. 1849இல் மிலானில் அரசுக்கு எதிராகக் குரல் எழுப்பியவர்களுக்குப் பொது இடத்தில் கசையடி தரப்பட்டது. அவ்வாறு அடிபட்டவர்களுள் இளம்பெண்களும் இருந்தனர். தம் வீரர்களுக்குத் தந்தையாக விளங்கிய அதே மனிதரின் ஆட்சியில்தான் இவை நடந்தன.

அச்சத்தால் வந்த அமைதி நிலைக்கவில்லை. ராடெட்ஸ்கி 1858ஆம் ஆண்டு ஜனவரி 5ஆம் நாள் மிலானில் இறந்தார். மறு ஆண்டே, 1859இல், சொல்ஃபெரினோ போரில் தோற்று ஆஸ்திரியா லொம்பார்டியை இழந்தது. 1861இல் இத்தாலி அரசு உருவானது. நொவாராத் தோல்வியின் இரவில் முடிசூடிய இரண்டாம் விக்டர் இம்மானுவேலே அதன் முதல் மன்னர். 1866இல் வெனீசியாவும் ஆஸ்திரியாவின் கையைவிட்டுச் சென்றது. முதிய தளபதி காத்துத் தந்த நிலம் அவர் மறைந்து பத்தாண்டுகள்கூடப் பேரரசிடம் தங்கவில்லை.

ராடெட்ஸ்கியின் கடன் அவர் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. படைகளுக்குப் பொருள் வழங்கிச் செல்வரான பார்க்ஃபிரிடர் என்ற வணிகர் அக்கடன்களை அடைத்தார். கீழ் ஆஸ்திரியாவில் தாம் அமைத்த ஹெல்டன்பெர்க் என்னும் நினைவிடத்தில் தளபதியின் உடல் அடக்கம் செய்யப்பட வேண்டும் என்பது அவருடைய விருப்பம். அவ்வாறே ராடெட்ஸ்கி அங்கு அடக்கம் செய்யப்பட்டார்.

இசையிலும் கதையிலும்

குஸ்தோசா வெற்றியைக் கொண்டாட, இசையமைப்பாளர் மூத்த யோஹான் ஸ்ட்ராஸ் ஓர் அணிவகுப்பு இசையை அமைத்தார். 'ராடெட்ஸ்கி அணிவகுப்பு' எனப்படும் அந்த இசை 1848ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31ஆம் நாள் வியன்னாவில் முதன்முதலாக இசைக்கப்பட்டது. தந்தை பேரரசின் வெற்றியை இசையாக்கிய அதே ஆண்டில், மகன் இளைய யோஹான் ஸ்ட்ராஸ் புரட்சியாளர்கள் பக்கம் சாய்ந்திருந்தார். ஒரே வீட்டிற்குள் இரு கருத்துகள்!

இன்று வியன்னா ஃபில்ஹார்மோனிக் இசைக்குழு ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி முதல் நாள் நடத்தும் புத்தாண்டு நிகழ்ச்சி இந்த இசையுடன்தான் நிறைவு பெறுகிறது. அரங்கில் இருப்பவர்கள் தாளத்திற்கேற்பக் கைதட்டுவர். தொலைக்காட்சி வழியாகப் பல நாட்டு மக்களும் அதைக் காண்கின்றனர். 2005ஆம் ஆண்டு மட்டும் நிலைமை வேறாக இருந்தது. அதற்குச் சில நாள்களுக்கு முன்தான், 2004 டிசம்பர் 26ஆம் நாள், ஆழிப்பேரலை இந்தியப் பெருங்கடல் கரைகளைத் தாக்கியது. இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் தமிழகக் கரையோரத்திலும் நம் வட்டாரத்தின் பிற இடங்களிலும் மாண்டவர்களுக்கு மதிப்பளிக்கும் வகையில் அவ்வாண்டு அந்த இசை இசைக்கப்படவில்லை. வெற்றியைக் கொண்டாடப் பிறந்த இசை துயரத்தின் முன் மௌனம் காத்தது.

புகழ்பெற்றவர்களைச் சுற்றிக் கதைகளும் வளர்வதுண்டு. இறைச்சித் துண்டை ரொட்டித் தூளில் புரட்டிப் பொரிக்கும் 'வியன்னா ஷ்னிட்செல்' உணவின் செய்முறையை மிலானிலிருந்து கொண்டு வந்தவர் ராடெட்ஸ்கிதான் என்று பலரும் சொல்வர். ஆய்வாளர்கள் தேடியும் இதற்குச் சான்று கிடைக்கவில்லை. சுவையான கதை எல்லாம் உண்மையான வரலாறு ஆகிவிடாது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

சிலைகள் சொல்லும் செய்தி

வியன்னாவில், முன்னாள் போர் அமைச்சகக் கட்டடத்தின் முன் குதிரைமீது அமர்ந்த ராடெட்ஸ்கியின் சிலை இன்றும் நிற்கிறது. அது 1892இல் எழுப்பப்பட்டது. அவர் பிறந்த மண்ணின் தலைநகரான பிராகிலும் 1858இல் ஒரு சிலை வைக்கப்பட்டது. சார்டினியப் படையிடமிருந்து கைப்பற்றிய பீரங்கிகளின் வெண்கலத்தைக் கொண்டு அது வார்க்கப்பட்டது. 1918இல் பேரரசு சிதைந்து செக்கோஸ்லோவாக்கியா தனி நாடானது. மறு ஆண்டே அந்தச் சிலை அகற்றப்பட்டது. இப்போது அது அருங்காட்சியகத்தில் உள்ளது. செக் இனத்தில் பிறந்தவரே ஆயினும், விடுதலை பெற்ற செக் மக்களின் கண்ணுக்கு அவர் பழைய பேரரசின் தளபதியாகவே தெரிந்தார். மிலானிலோ, ஐந்து நாள் போராட்டத்தில் உயிர்நீத்தவர்களுக்காக 1895இல் ஒரு நினைவுத்தூண் திறக்கப்பட்டது. அதன் அடியில் அவர்களுடைய எச்சங்கள் வைக்கப்பட்டுள்ளன.

இம்மூன்று நகரங்களுள் எது உண்மையைச் சொல்கிறது? ராடெட்ஸ்கி தம் கடமையில் தளராதவர், படைத்திறன் மிக்கவர், வீரர்களை நேசித்தவர். இவை உண்மை. தம்மைத் தாமே ஆள விரும்பிய மக்களை அவர் படைவலிமையால் அடக்கினார். இதுவும் உண்மை. முதல் உண்மையைச் சொல்லி இரண்டாவதை மறைத்தால் வரலாறு புகழ்மாலை ஆகிவிடும். இரண்டாவதை மட்டும் சொன்னால் அது வசைப்பாட்டு ஆகிவிடும். ஒரு மனிதரைப் பற்றிப் படிக்கும்போது, அவர் யாருக்காக உழைத்தார், அந்த உழைப்பின் விலையை யார் கொடுத்தார் என்னும் இரு கேள்விகளையும் நாம் கேட்க வேண்டும். நம் ஊரின் தெருப்பெயர்களையும் நினைவுச் சின்னங்களையும் பார்க்கும்போதும் இக்கேள்விகள் நமக்கு உதவும்.

சிந்தித்து விடை காண்க

1. ஃபிளூருஸ், மரெங்கோ ஆகிய களங்களில் நடந்த நிகழ்ச்சிகள் ராடெட்ஸ்கியின் எந்தப் பண்புகளைக் காட்டுகின்றன?
2. லைப்சிக் போருக்கு முன் கூட்டுப் படை வகுத்த திட்டத்தை உமது சொந்த நடையில் விளக்குக.
3. மிலான் மக்கள் புகைபிடிப்பதை நிறுத்தியது எவ்வாறு ஓர் அரசியல் எதிர்ப்பாக அமைந்தது?
4. 'வென்றவரின் ஆட்சி' என்னும் பகுதியில் கூறப்படும் செயல்கள் 'தந்தை ராடெட்ஸ்கி' என்ற பெயருடன் எவ்வாறு முரண்படுகின்றன?
5. பிராக் நகர மக்கள் சிலையை உடைக்காமல் அருங்காட்சியகத்தில் வைத்திருப்பது சரியா? உமது கருத்தைக் காரணங்களுடன் 80 சொற்களில் எழுதுக.